கொஞ்சம் வாட்டம் வேணும்!

எங்கள் ஆபீஸில் ஏசி ஒன்றே ஒன்றுதான். அது மேனேஜர் அறையில் இருக்கிறது. இருந்தாலும் அதன் பலனில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. குளிர் அவருக்கு, தண்ணீர் எனக்கு!

எப்படி என்கிறீர்களா? மேனேஜர் அறைச் சுவரில் ஓட்டை போட்டு, ஏசியின் தண்ணீர்க் குழாயை ஹால் பக்கம் விட்டிருந்தார்கள். அது சுவரோரமாகவே வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் வழியாக வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் தண்ணீர் என்றைக்கு ஸார் ஆபீஸ் ஏற்பாட்டை மதித்திருக்கிறது? ஜன்னலுக்கு ஓரடி முன்னாலேயே, குழாயின் இணைப்பிலிருந்து சொட்... சொட்... நேரே என் பின்கழுத்தில்.

நாற்காலியை நகர்த்தினேன். ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்தேன். காலையில் வந்ததும் கையெழுத்து, பதினோரு மணிக்கு டீ, ஒரு மணிக்கு வாளியைக் கொட்டுதல் என்று அதுவும் என் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஏன் சொட்டுகிறது என்று ஒருநாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. நமக்கு எதற்கு ஸார் வம்பு?

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது ஒரு படகு. தேனிக்காரனுக்கு ஏது படகு என்று கேட்காதீர்கள். கல்யாணம் ஆனவனுக்கு எல்லாம் வரும்.

போன வருஷம் தை மாசம் எனக்குக் கல்யாணம். மறுவீடு, விருந்து, ஆடிட் என்று நாள் ஓடிவிட்டது. ஏப்ரல் கடைசியில் என் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "என்னங்க, என் ஃப்ரெண்டு ஆலப்புழையில போட் ஹவுஸ்ல தங்கிட்டு வந்தாளாம். ஏசி ரூமாம். ஜன்னலைத் திறந்தா தண்ணியாம்..."

"நம்ம வீட்லயும் ஜன்னலைத் திறந்தா வாய்க்கால்தானே?" என்றேன். அன்றைக்கு ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை.

சரி, இரண்டு பேர் போய் வரலாம் என்று முடிவெடுத்தேன். நம் பக்கத்தில் இரண்டு பேர் போய் வருவதாவது! விஷயம் கேள்விப்பட்ட அக்கா, "எங்களையும் கூட்டிட்டுப் போடா" என்றாள். அக்கா வந்தால் மச்சான் வருவார். மச்சான் வந்தால் அவருடைய நூற்றுப்பத்து கிலோவும் வரும். இரண்டு பிள்ளைகள் வரும். பிள்ளைகள் போனால் அம்மா போகாமல் இருப்பாளா? கடைசியாக அப்பா.

அப்பாவுக்குச் சின்னமனூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் நெல் வயல். ஜூன் மாசம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அவரைக் கிரேன் வைத்தும் வயலை விட்டு நகர்த்த முடியாது. மே மாசம்தான் அவருக்கு ஓய்வு. "நானும் வாரேன். அங்கிட்டு எப்படி வெள்ளாமை பண்றாய்ங்கன்னு பாக்கணும்" என்றார்.

ஆக, என்னுடைய தேனிலவுக்கு எட்டு டிக்கெட்!

*

கம்பம் தாண்டி, கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் வந்ததும் அப்பா வேனை நிறுத்தச் சொன்னார். பென்னிகுவிக் மணிமண்டபத்துக்குள் போய்ச் சிலைக்கு ஒரு கும்பிடு. எங்கள் பள்ளத்தாக்கில் இது சடங்கு இல்லை, கடன். இந்தத் தண்ணீரில் இருபோகம் விளையும் நெல் வயல் மட்டும் 14,707 ஏக்கர்.

மலைப்பாதையில் ஏறும்போது, மேலேயிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் நாலு ராட்சதக் குழாய்களைக் காட்டி அக்கா பிள்ளைகளுக்கு அப்பா பாடம் எடுத்தார்.

"பெரியாறு எங்கிட்டு ஓடுச்சு? மேக்க. அரபிக்கடலுக்கு. அதை வெள்ளைக்காரன் மறிச்சு, ஒரு மைலு மலையைக் குடைஞ்சு கிழக்க திருப்பிவிட்டான். 1895-ல தண்ணி வந்துச்சு. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. எப்படி வந்துச்சு?"

"எப்படி தாத்தா?"

"வாட்டம்! குடைஞ்ச இடத்துல கொஞ்சூண்டு வாட்டம் விட்டான். அம்புட்டுத்தான். தண்ணிக்கு மூளை கிடையாது. வாட்டம் எங்கிட்டு இருக்கோ அங்கிட்டுப் போகும்."

சென்னைக்கார வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மனுஷன் முகத்தில் வாட்டம் இருந்தால் கவலை. தண்ணீர் போகிற வழியில் வாட்டம் இருந்தால், அதாவது சரிவு இருந்தால், நிம்மதி. மாற்றி அமைந்தால் இரண்டுமே தொல்லை.

குமுளி வந்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். பக்கத்தில்தான் தேக்கடி ஏரி. 2009 செப்டம்பர் 30-ம் தேதி அங்கே சுற்றுலாப் படகு சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். எங்கள் வயலுக்கு வருகிற அதே தண்ணீரில். அன்றைக்கு ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதைக் கம்பத்துக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். "படகுல ஏறினா எல்லாரும் ஒரே பக்கம் குவியக் கூடாது" என்றார் அப்பா. மச்சானைப் பார்த்துத்தான் சொன்னார். மச்சான் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

*

படகு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு ஏசி அறை, முன்னால் திறந்த கூடம், பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் ஜெனரேட்டர். மீன் பொரித்துக் கொடுத்தார்கள். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். (ரசத்தில் உப்பு சேர்ந்துவிட்டது!)

அப்பாவுக்கு மட்டும் கண் வெளியிலேயே இருந்தது. குட்டநாட்டில் வயல் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. நாம் படகில் மேலே போகிறோம், கரைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் வயல். வயலில் இருக்கும் தண்ணீரை 'பெட்டியும் பறையும்' என்கிற பம்பு வைத்து மேலே இறைத்து வெளியே தள்ளிவிட்டுத்தான் விதைக்கவே முடியும்.

"நம்ம ஊர்ல தண்ணியை உள்ள கொண்டார உசுரைக் கொடுக்கிறோம். இவய்ங்க வெளிய தள்ள உசுரைக் கொடுக்கிறாய்ங்க" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். அடிக்கடி அவர் இதைச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் சலிப்புகூட வந்தது. ராத்திரி அதுவே எங்கள் கதையாகப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

சாயங்காலமே படகைக் கரையோரம் கட்டிவிட்டார்கள். ஒன்பது மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டு ஏசியை ஓடவிட்டார்கள். முன்பக்கத்து அறை எங்களுக்கு. பின்பக்கத்து அறையில் அம்மா, அக்கா, பிள்ளைகள். அப்பாவும் மச்சானும் "எங்களுக்குக் காத்து போதும்" என்று முன் கூடத்தில் பாய் விரித்தார்கள். பெட்டி படுக்கை, தண்ணீர் டிரம் எல்லாம் அங்கேதான்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். "என்னங்க..." என்றாள் மனைவி. குரலில் காதல் இல்லை.

"என்ன?"

"நெத்தியில தண்ணி விழுது."

லைட்டைப் போட்டேன். கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த ஏசியின் கீழ் விளிம்பிலிருந்து சொட்... சொட்... மூன்று வருஷம் கழுத்தில் வாங்கியவனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? தேனியிலிருந்து ஆலப்புழை வரைக்கும் என்னைத் தேடி வந்திருக்கிறது!

கதவைத் திறந்து படகு ஓட்டும் சேட்டனை எழுப்பினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஏசியில வெள்ளம் வருந்துண்டோ, சாரே?" என்றார்.

அவ்வளவுதான். முன் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த மச்சான் காதில் 'வெள்ளம்' மட்டும் விழுந்திருக்கிறது. "ஆத்தாடி, வெள்ளம்!" என்று துள்ளி எழுந்தார். படகு ஒரு ஆட்டம் ஆடியது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான் என்று அவருக்கு விளக்கி உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சேட்டன் ஒரு வாளியும் துண்டும் கொண்டுவந்தார். நான் பழக்க தோஷத்தில் வாளியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

"இரு தம்பி" என்றார் அப்பா. வாசலில் நின்றுகொண்டிருந்தார். "வாளி வச்சா அடைபட்டிருமா?"

*

ஏசியில் தண்ணீர் வருவதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. 1902-ல் அமெரிக்காவில் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். கோடைக்காலத்தின் ஈரக் காற்றில் காகிதம் உப்பி, ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காரவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளைஞர் செய்த இயந்திரம்தான் ஏசிக்கெல்லாம் தாத்தா. அவருக்குக் கொடுத்த வேலை மனுஷனுக்குக் குளிரூட்டுவது அல்ல, காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுப்பது! நம் பத்திரிகைத் தொழில் செய்த புண்ணியத்தில்தான் மேனேஜர்கள் குளிர்ச்சியாக இருக்கிறார்கள்.

ஆக, தண்ணீர் வருவது கோளாறு இல்லை. அதுதான் வேலையே. ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதில்லையா, அதேபோல ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த கம்பிச்சுருளில் காற்றின் ஈரம் வியர்க்கிறது. ஈரமான ஊரில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர்கூடத் தரும். ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு வாளி. அது கீழே ஒரு தட்டில் விழுந்து, குழாய் வழியாக வெளியே போக வேண்டும். தள்ளிவிட ஆள் கிடையாது, மோட்டார் கிடையாது. பென்னிகுவிக் சுரங்கம் மாதிரிதான். வாட்டம் மட்டுமே துணை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஜென்மத்தில் ஏசி வாங்காத என் அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு கேட்டார். எங்கள் அறைத் தரையில் வைத்து அதில் தண்ணீர் ஊற்றினார். நெல் வயலில் மட்டம் பார்ப்பவர் குனிந்து பார்த்தார். தட்டில் தண்ணீர் முன்பக்கமாக ஒதுங்கி நின்றது.

"படகு முன்னால தாழ்ந்திருக்கு. இந்தக் குழாய் பின்பக்கமா போகுது. பகல்ல தண்ணிக்கு அது இறக்கம், இப்ப அதுக்கு ஏத்தம். பாவம், ஏற முடியாம தட்டுலயே ரொம்பி நம்ம பிள்ளை தலையில விழுது."

"பகலுக்கும் ராத்திரிக்கும் என்னப்பா வித்தியாசம்?"

அப்பா பதில் சொல்லவில்லை. மச்சானைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் மச்சானைப் பார்த்தோம்.

நியாயம்தானே? பகலில் ஆட்கள் படகு முழுக்கப் பரவி இருந்தார்கள். ராத்திரி நூற்றுப்பத்து கிலோ மச்சான், அப்பா, நிறைந்த டிரம், எட்டுப் பேருடைய பெட்டி எல்லாம் முன் மூக்கில்! சுவரில் மாட்டிய குழாய்க்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்திருந்தால் அதிகம். படகு தலைக்கும் வாலுக்கும் ஒரு சாண் சாய்ந்தால் அந்த வாட்டம் காணாமல் போய்விடும். வீடு அசையாது, படகு அசையும். வீட்டில் ஒரு தரம் வாட்டம் பார்த்தால் ஆயுசுக்கும் போதும். படகில் மச்சான் புரண்டு படுக்கும்போதெல்லாம் பார்க்க வேண்டும்.

"மாப்ளே, நீங்க கொஞ்சம் பின்னால போய் உக்காருங்க" என்றார் அப்பா, மரியாதை குறையாமல்.

"நானா?" என்றார் மச்சான். போனார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சேட்டன் டிரம்மைக் கவிழ்த்துக் காலி செய்தார். தட்டில் தண்ணீர் மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்தது. ஏசியில் சொட்டு குறைந்தது. ஐந்து நிமிஷத்தில் நின்றே போனது. மச்சான் ஒரு தரம் எழுந்து முன்னால் வந்து பார்த்தார். சொட்! உடனே பின்னால் ஓடினார். ஒரு மனுஷனால் இயந்திரத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

என் மனைவிகூடச் சிரித்துவிட்டாள். சேட்டன் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். கதை இங்கே முடிந்திருந்தால் சிரித்துவிட்டுத் தூங்கியிருப்போம்.

*

அப்பா தூங்கப் போகவில்லை. படகின் ஓரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அறைக் குழாயிலிருந்து காயலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"இந்த ரூம் தண்ணி இங்க விழுது. அந்த ரூம் தண்ணி எங்க போகுது?"

சேட்டனிடம் கேட்டேன். "அது குழப்பம் இல்லா, சாரே. அங்க லீக் இல்ல" என்றார்.

"லீக் இல்லாம இருக்கட்டும். தண்ணி எங்க?"

சேட்டன் தலையைச் சொறிந்தார். அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "தம்பி, கண்மாய்க் கரையில சத்தம் போட்டு வழியிற தண்ணியைப் பத்திப் பயப்படாத. சத்தமில்லாமக் கசியிது பாரு, அதுதான் கரையை உடைக்கும்."

பின்பக்கம் சமையலறைத் தரையில் ஒரு பலகையைத் தூக்கினார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். படகின் வயிற்றுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பக்கத்து அறையின் ஏசிக் குழாய் அதற்குள்ளேதான் வந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஓட்டை போடச் சோம்பல்பட்டு யாரோ உள்ளேயே விட்டிருக்கிறார்கள். நாலு அடி தள்ளி, நடுவே ஒழுங்கான தடுப்புகூட இல்லாமல், ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பலகையைத் தூக்கியதும் குப்பென்று டீசல் புகை.

நான் தண்ணீரைத்தான் பார்த்தேன். அப்பா குழாயைப் பார்த்தார்.

"இந்த ஓட்டை நேரா உங்க ஆத்தா படுத்திருக்க ரூமுக்குத்தான போகுது? தண்ணி இறங்குற வழியில காத்து ஏறாதா?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். நாலைந்து தட்டலுக்குப் பிறகு அம்மா வந்து திறந்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏய்யா, தலை பாறாங்கல்லா கனக்குது. ஒரு மாதிரி குமட்டுது. மீன் ஒத்துக்கலை போல..."

அக்காவை எழுப்பினோம். பிள்ளைகளை உலுக்கினோம். சின்னவன் கண்ணைத் திறக்கவில்லை. மச்சான் பின்னாலிருந்து ஓடிவந்து அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு முன் கூடத்துக்குப் பாய்ந்தார். படகு சாய்ந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நான் ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். விளக்கெல்லாம் அணைந்தது. இருட்டில் மச்சான் பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

காயல் காற்று முகத்தில் அடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் சின்னவன் சிணுங்கினான். "அப்பா, கொசு கடிக்குது."

கொசு கடிக்கிறது என்று ஒருவன் புகார் சொல்லி ஒரு குடும்பமே அழுதது, உலகத்திலேயே அன்றைக்குத்தான் இருக்கும்.

விடியும் வரை எட்டுப் பேரும் முன் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். டீ குடித்ததும் அம்மாவுக்குத் தலைவலி விட்டுவிட்டது. வந்தது புகையாலா, மீனாலா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாமல் போனதே நல்லது என்று நினைத்துக்கொள்கிறேன்.

*

ஊருக்கு வந்ததும் தேனியில் எனக்குப் பழக்கமான ஏசி மெக்கானிக் ஒருவரைப் பிடித்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். துபாயில் உல்லாசப் படகுகளில் ஏசி வேலை பார்த்துவிட்டு வந்தவர். நடந்ததைச் சொன்னதும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, உங்க அப்பா சொன்னது அத்தனையும் சரி. சுவத்துல மாட்டுற ஏசியோட ஃபேன் காத்தை இழுக்குற பக்கத்துலதான் தண்ணித் தட்டும் இருக்கு. குழாய் காலியா இருந்தா அது வழியாவும் காத்தை உறிஞ்சும். குழாய் வாய் என்ஜின்கிட்ட இருந்தா புகையும் சேர்ந்து வரும். அதுல கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம்... அப்புறம் எந்திரிக்கவே மாட்டாங்க."

அவர் மிகைப்படுத்தவில்லை. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை அருகே சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வெளியான கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வந்ததுதான் காரணம் என்று நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள். அவர்களும் என் அம்மா மாதிரிதான், நல்ல குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார்கள்.

படகில் எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டேன். டீ கிளாஸை வைத்தே விளக்கினார்.

"படகு எந்தப் பக்கம் சாயும்னு சொல்ல முடியாது. அதனால தட்டுக்கு ரெண்டு முனையிலயும் ஓட்டை வைக்கணும். ஒண்ணு மேடானாலும் இன்னொண்ணு பள்ளம். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நடுவுல தொங்கக் கூடாது, தொங்கினா தண்ணி தேங்கிப் பாசி பிடிச்சு அடைச்சுக்கும். படகு வயித்துக்குள்ள விடவே கூடாது. ராத்திரிக்கு ஒரு வாளின்னாலும் பாரம்தானே? நல்ல தண்ணி தேங்கினா பலகையும் சீக்கிரம் உளுத்துப்போகும். வெளியே, தண்ணி மட்டத்துக்கு மேல விடணும். புகைபோக்கிக்குப் பக்கத்துல விடக் கூடாது. வழியில 'யு' மாதிரி ஒரு வளைவு கொடுத்தா அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். தண்ணி வெளிய போகும், காத்து உள்ள வராது. உங்க வீட்டு வாஷ்பேசின் அடியில இருக்கே, அதே வளைவுதான்."

"மொத்தமா என்ன செலவாகும்?"

"குழாய்க்குச் சில நூறு ரூபா. அப்புறம் அரை நாள் கூலி."

சில நூறு ரூபாய். நான் எதுவும் பேசவில்லை. அவரே டீக்குக் காசு கொடுத்தார்.

படகின் சொந்தக்காரருக்கு அன்றே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சண்டைக்கு வந்தார். பிறகு கேட்டுக்கொண்டார். பத்து நாள் கழித்துச் சேட்டன் போன் செய்தார். "சாரே, குழாய் மாத்தி. ரெண்டும் வெளியில. அச்சனோடு பறயணும்." அப்பாவிடம் சொன்னேன். "யு வளைவு வச்சாய்ங்களா?" என்று கேட்டார். அதற்குள் அந்த வளைவு அவருக்கு மனப்பாடம்.

*

திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். கையெழுத்துப் போட்டேன். வாளியைப் பார்த்தேன். சொட்... சொட்...

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நாற்காலி மேல் ஏறி நின்று அந்தக் குழாயைக் கவனித்தேன். ஒரு மர்மமும் இல்லை ஸார். சுவரோரமாக ஒழுங்காக இறங்கி வருகிற குழாய், ஜன்னல் கட்டையைத் தாண்டுவதற்காகக் கடைசியில் மூன்று விரல்கடை மேலே ஏறியிருக்கிறது. அவ்வளவுதான். அந்த மூன்று விரல்கடையால் ஆயிரம் வாளியாவது கொட்டியிருப்பேன். மனக்கணக்கில் வந்த அந்த எண்ணைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மேனேஜர் அறைக்குள் போனேன். "ஸார், உங்க ஏசித் தண்ணி மூணு வருஷமா என் மேலதான் விழுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? ஏன்ப்பா சொல்லவே இல்லை?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. குளிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? நனைகிறவன்தான் சொல்ல வேண்டும். நான் வாளி வைத்து மூன்று வருஷமாக அதை மறைத்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் வந்தார். ஜன்னல் கட்டைக்குக் கீழே ஒரு ஓட்டை போட்டார். குழாயை இறக்கி வெளியே விட்டார். அரை மணி நேர வேலை. வெளியே காம்பவுண்டு ஓரத்தில் வாடிக் கிடந்த கறிவேப்பிலைச் செடி வரைக்கும் ஆறடி நீளத்துக்கு நானே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அது சொட்டுச் சொட்டாகப் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பென்னிகுவிக் துரை 1895-ல் இப்படித்தான் நின்றிருப்பார்.

சாயங்காலம் அப்பாவுக்கு போன் செய்தேன். ஜூன் மாசம். தண்ணீர் திறந்துவிட்டார்கள். வயலிலிருந்து பேசினார்.

"அப்பா, ஆபீஸ் ஏசித் தண்ணிக்கு வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டிட்டேன்."

"அப்படியா? எத்தனை ஏக்கர் பாயுது?"

"ஒரு கறிவேப்பிலைச் செடிப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மடையில் தண்ணீர் பாயும் சத்தம் மட்டும் கேட்டது.

"பரவாயில்ல" என்றார் அப்பா. "முதல் போகம்தானே!"